கார்த்திகை மழையும் கருதலளவையும்

நாளை நிகழவிருப்பதை இன்றே உரைக்கும் கூற்று அறிவாகுமா, ஆகுமெனில் அது எவ்வகை அறிவு என்னும் வினா மெய்யியலில் மிகப் பழமையானது. ஏட்டோடு நின்றுவிடக்கூடிய அவ்வினா, காவிரியின் கடைமடையில் வாழ்வோர்க்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், சம்பா வயலுக்கு மேலுரம் இடுவதா, படகைக் கடலில் இறக்குவதா, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதா என்னும் அன்றாட வினாவாகிவிடுகிறது. வானிலை முன்னறிவிப்பு சில வேளைகளில் பொய்க்கிறது என்பதை எல்லோரும் அறிவர். பொய்க்கக்கூடிய ஒன்றை அறிவு என்று அழைக்கலாமா என்பது அதிலிருந்து எழும் முதல் ஐயம். மழை இறையருளால் பெய்வது என்று நம்பும் ஒருவர், அது பெய்யும் நாளையும் இடத்தையும் கணித்துச் சொல்லும் அறிக்கையை எந்த மனநிலையோடு ஏற்பது என்பது இரண்டாவது ஐயம். இவ்விரண்டையும் காரைக்கால் பகுதியை முன்வைத்து ஆராய்ந்தால், பிழைபடக்கூடியது என்பதே முன்னறிவிப்பின் இயல்பு என்பதும், அவ்வியல்பைத் தமிழ் அளவை மரபு நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுகொண்டது என்பதும், அவ்வறிவை ஏற்று நடப்பவர்பால் சமூகத்துக்கு ஒரு கடமை உண்டு என்பதும் புலப்படும்.

ஓர் அறிக்கையின் பரப்பு

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. முன்னறிவிப்பின் பொருட்டு அது நாட்டை 36 வானிலை உட்பிரிவுகளாகப் பகுத்திருக்கிறது. அவற்றுள் ஒன்று தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் என்னும் மூன்று பெயர்களைச் சேர்த்து வழங்கப்படுகிறது. அடுத்த சில மணி நேரத்துக்கு உரியது உடனடி முன்னறிவிப்பு என்றும், மூன்று நாள் வரைக்கும் உரியது குறுகிய கால முன்னறிவிப்பு என்றும், அதற்கு மேற்பட்டுப் பத்து நாள் வரைக்கும் உரியது நடுத்தரக் கால முன்னறிவிப்பு என்றும் துறை வகைப்படுத்துகிறது. நவம்பர் இறுதியில் வெளியாகும் நாடு தழுவிய அறிக்கை ஒன்றைப் படிப்பவர், ஒரே நாளில் ஒரே நாட்டுக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும் பல பருவங்களைக் காண்பார். மத்தியதரைக் கடற்பக்கம் தோன்றிக் கிழக்கு நோக்கி நகரும் மேற்கத்திய இடையூறு என்னும் காற்றுச் சுழற்சி காசுமீர மலைகளில் பனி பொழியச் செய்யும்; பஞ்சாபிலும் அரியானாவிலும் காலை மூடுபனி தொடங்கும்; இராசத்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் வானம் வறண்டு இரவு வெப்பம் இறங்கும்; அந்நாளில் வங்கக் கடலின் தென்மேற்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு திரண்டிருந்தால், நாட்டின் தென்கிழக்கு விளிம்பு மட்டும் அடைமழையில் நனைந்துகொண்டிருக்கும். நாட்டின் பெரும்பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழை முடிந்து கணக்கும் மூடப்பட்ட பின்னரே, அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீளும் வடகிழக்குப் பருவமழையால் இவ்விளிம்பு தன் ஆண்டு மழையின் பெரும்பங்கைப் பெறுகிறது.

அவ்விளிம்பில் அமைந்த காரைக்கால், தமிழ்நாட்டு மாவட்டங்களாலும் கடலாலும் சூழப்பட்ட சிறு நிலத்துண்டு. 1739இல் பிரெஞ்சியர் வசமாகி, 1954 நவம்பர் முதல் நாள் இந்திய நிருவாகத்தின் கீழ் வந்த இப்பகுதி, ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வடக்கேயுள்ள புதுச்சேரியோடு ஆட்சியால் இணைந்தும் நிலத்தால் பிரிந்தும் இருக்கிறது. இதன் பரப்பு ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர். இதனோடு ஒரே உட்பிரிவில் வைத்துப் பேசப்படும் தமிழ்நாட்டின் பரப்பு ஏறத்தாழ 1,30,000 சதுர கிலோமீட்டர். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நாள்தோறும் ஒலிக்கும், தமிழ்நாடு, புதுவை, காரைக்கால் பகுதிகளில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்ய வாய்ப்புள்ளது என்னும் தொடரின் மெய்யியற் சிக்கல் இங்கே தொடங்குகிறது. ‘ஓரிரு இடங்கள்’ என்பது உட்பிரிவிலுள்ள மழைமானி நிலையங்களுள் கால் பங்குக்கு மேற்படாதவற்றைக் குறிக்கும். ‘சில இடங்கள்’ கால் பங்கு முதல் அரைப் பங்கு வரையும், ‘பல இடங்கள்’ அரை முதல் முக்கால் வரையும், ‘பெரும்பாலான இடங்கள்’ அதற்கு மேலும் குறிக்கும். கனமழை என்பது 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்குக் குறையாத மழை, 115.5 மில்லிமீட்டரைக் கடந்தால் மிகக் கனமழை; 204.4 மில்லிமீட்டரைக் கடந்தால் அதிகனமழை. ஆகவே அறிக்கை ஒரு தொகுதியைப் பற்றிப் பேசுகிறது. கேட்பவரோ நெடுங்காட்டிலோ நிரவியிலோ ஒரே ஒரு வயலின் வரப்பில் நிற்கிறார். தொகுதியைப் பற்றிய மெய், அத்தொகுதியின் ஓர் உறுப்பைப் பற்றிய மெய்யாகத் தானே ஆகிவிடாது என்பதை மறப்பதாலேயே, முன்னறிவிப்பு பொய்த்தது என்னும் குறைகளுள் ஒரு பகுதி எழுகிறது.

மணிமேகலை காட்டும் இரு நிலைகள்

அறிவைத் தரும் வாயில்களை ஆராயும் துறைக்குத் தமிழில் அளவையியல் என்று பெயர். காண்டல் என்பது புலன்வழி நேரே அறிதல். கருதல் என்பது கண்ட ஒன்றைக் கொண்டு காணாத ஒன்றை உய்த்தறிதல். வடநூலார் இதனை அனுமானம் என்பர். சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலை, காரைக்காலுக்கு வடக்கே அதே கடற்கரையில் அமைந்த காவிரிப்பூம்பட்டினத்தில் தொடங்கும் காப்பியம். அதன் இருபத்தேழாம் காதையில், வஞ்சி மாநகரில் மணிமேகலை பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்கும்போது, அளவைவாதி என்பான் கருதலளவையைப் பொது, எச்சம், முதல் என மூவகைப்படுத்திக் காட்டுகிறான். யானையின் ஒலியைக் காட்டில் கேட்டவன் அங்கே யானை உண்டு என உணர்வது பொது. ஆற்றில் வெள்ளம் வருவதைக் கண்டவன் மேல்நிலத்தில் மழை பெய்திருக்கிறது எனத் துணிவது எச்சம். சூல்கொண்ட முகிலைக் கண்டவன் இது பெய்யும் என உரைப்பது முதல். எச்சத்தில் அறிவு காரியத்திலிருந்து காரணத்துக்குப் பின்னோக்கிச் செல்கிறது. ‘முதல்’ என்பதிலோ காரணத்திலிருந்து காரியத்துக்கு முன்னோக்கிச் செல்கிறது.

இவ்விரண்டும் கடைமடை உழவர்க்கு நூலறிவு தேவைப்படாத பழக்கங்கள். ஆனி, ஆடியில் அரசலாற்றில் புதுநீர் நுங்கும் நுரையுமாக வந்தால், குடகு மலையில் மழை பொழிந்திருக்கிறது என்று அவர்கள் உணர்வது எச்சம். கார்த்திகையில் கிழக்கிலிருந்து கொண்டல் வீசி, கீழ்வானம் கறுத்து, கடல் இரைச்சல் ஊருக்குள் கேட்கத் தொடங்கினால், இன்றிரவு பெருமழை என்று உரைப்பது முதல். செயற்கைக்கோள் படமும், காரைக்காலில் நிறுவப்பட்டுள்ள ரேடாரும், கணினி மாதிரியும் சேர்ந்து இன்று தரும் முன்னறிவிப்பும் வகையால் இந்த ‘முதல்’ என்னும் கருதலே ஆகும். அதன் கண்கள் கூர்மையாகியிருக்கின்றன. நோக்கும் தொலைவு நீண்டிருக்கிறது. ஆனால் அது காரணத்தைக் கண்டு காரியத்தை உரைக்கும் அறிவு என்பதில் மாற்றம் இல்லை.

அக்காப்பியமே இருபத்தொன்பதாம் காதையில் வேறொரு நிலையை முன்வைக்கிறது. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அளவையைக் கற்பிக்கும்போது, காண்டல், கருதல் என்னும் இரண்டே அளவைகள் என்று வரையறுத்து, கருதலிலும் காரணத்தைக் கொண்டு உய்த்தறிவது பிழைபடவும் கூடும் என்றும், புகையைக் கண்டு நெருப்பை அறிவது போலக் காரியத்தைக் கொண்டு காரணத்தை அறிவதே பிழைபடாதது என்றும் உணர்த்துகிறார். ஏழாம் நூற்றாண்டுப் பௌத்த அளவையியலாளர் தருமகீர்த்தி இக்கருத்தை நுணுக்கமாக விரித்தார். காரணங்கள் யாவும் கூடிய பின்னும், காரியம் தோன்றுமுன் ஒரு தடை இடைபுகலாம்; ஆகையால் காரணத் தொகுதியைக் கண்டவர், காரியம் தோன்றுவதற்குரிய தகுதி அங்கே உண்டு என்று மட்டுமே கருதலாம், காரியம் தோன்றியே தீரும் என்று கருதலாகாது என்பது அவர் கொள்கை. முகில் சூல்கொண்டிருப்பதற்கும் மழை மண்ணைத் தொடுவதற்கும் இடையில் காற்று இருக்கிறது. வானிலை அறிக்கை ‘பெய்யும்’ என்னாது ‘பெய்ய வாய்ப்புள்ளது’ என்று முடிவதைத் தப்பித்துக்கொள்ளும் சொல்லாட்சி என்று எள்ளுவோர் உண்டு. அளவையியல் நோக்கில் அது காரணத்திலிருந்து செல்லும் கருதல் தன் எல்லையைத் தானே ஒப்புக்கொள்ளும் நேர்மையாகும்.

பிழை யாருடையது?

கருதல் பொய்க்கும்போது பிழை கருதலுக்கு உரியதா, கருதுபவர்க்கு உரியதா என்னும் வழக்கை நியாய சூத்திரம் நேரே எடுத்துக்கொள்கிறது. மழையைச் சார்ந்த சான்றுகளே அங்கும் பேசப்படுகின்றன என்பது கருதத்தக்கது. ஆறு பெருகுவதைக் கண்டு மழையைக் கருதலாம் என்றால், ஆற்றை எங்கோ அடைத்ததாலும் நீர் பெருகலாமே. எறும்புகள் முட்டைகளைச் சுமந்து செல்வதைக் கண்டு மழை வரும் எனலாம் என்றால், புற்று சிதைந்ததாலும் அவை சுமக்கலாமே. மயில் அகவுவது மழைக்கு அறிகுறி எனலாம் என்றால், மயிலைப் போல ஒரு மனிதனும் ஒலி எழுப்பலாமே. ஆகவே கருதல் அளவையாகாது என்று எதிர்வாதி தொடுக்கிறான். நியாய நூலார் இதற்குத் தரும் விடை, பிழைத்தது கருதல் அன்று, அடையாளத்தை முழுமையாகக் காணாத கருத்தாவே பிழைத்தான் என்பதாகும். நீர் வெறுமனே உயர்ந்திருப்பது மழையின் அடையாளம் அன்று. விரைவும் கலங்கலும் நுரையும் மிதந்துவரும் இலையும் கட்டையும் சேர்ந்த பெருக்கே அடையாளம். மேட்டூர் அணையின் மதகுகள் ஆற்றின் நீரளவை முடிவுசெய்யும் இக்காலத்தில், எதிர்வாதியின் தடைக்கும் நியாய நூலாரின் விடைக்கும் கூடுதல் பொருள் உண்டு.

இவ்வாறு இரு நிலைகள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று, காணும் திறன் நிறைவுற்றால் பிழை நீங்கும் என்பது. மற்றொன்று, காரணத்திலிருந்து செல்லும் கருதலில் பிழைக்கு எப்போதும் இடம் உண்டு என்பது. மேலைநாட்டில் முதல் நிலையை ஒத்த கருத்தைப் பிரெஞ்சு அறிஞர் லாப்லாசு 1814இல் வலியுறுத்தினார். உலகின் ஒவ்வொரு துகளின் நிலையையும் விசையையும் ஒரு கணத்தில் அறிந்த பேரறிவு ஒன்று இருக்குமாயின், அதற்கு எதிர்காலமும் இறந்தகாலமும் கண்முன் நிற்கும் என்றார். அந்நம்பிக்கையின் எல்லையைக் காட்டியவர் அமெரிக்க வானிலையியலாளர் எட்வர்டு லோரன்சு. 1961இல் ஒரு கணினிக் கணக்கை இடையிலிருந்து மீண்டும் தொடங்கியபோது, 0.506127 என்னும் எண்ணுக்கு மாறாகச் சுருக்கமாக 0.506 என்று அவர் உள்ளிட்டார். சிறிது நேரம் பழைய கணக்கோடு ஒத்துச் சென்ற புதிய கணக்கு, பின்னர் முற்றிலும் வேறொரு வானிலையைக் காட்டியது. தொடக்க நிலையில் உள்ள மிகச் சிறிய அறியாமை நாட்கள் செல்லச்செல்லப் பெருகுகிறது என்பதை 1963இல் வெளியிட்ட ஆய்வில் அவர் நிறுவினார். இங்கே விதிகள் உறுதியானவை. ஐயத்துக்கு விதியில் இடமே இல்லை. ஆயினும் காண்டலில் எஞ்சும் சிறு குறை கருதலில் பெருங்குறையாகிறது. நியாய நூலாரும் பௌத்தரும் கூறியவை இரண்டும் இதில் ஒருங்கே மெய்யாகின்றன எனலாம்: பிழையின் தோற்றம் காண்பவரிடத்தில் உள்ளது, ஆனால் எந்தக் காண்பவரும் அதனை முற்ற நீக்கவியலாது.

2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயல் இதற்கு அண்மைச் சான்று. இலங்கையின் கிழக்குக் கடற்பகுதியில் திரண்ட ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் மெல்ல ஊர்ந்தும் நின்றும் நகர்ந்தது. அது புயலாக வலுப்பெறும் என்று முதலில் கணிக்கப்பட்டது. 28ஆம் நாள், புயலாகாமலே கரையை அடையும் என்று கணிப்பு மாறியது. 29ஆம் நாள் பிற்பகலில் அது புயலாகிப் பெயரும் பெற்றது. காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே, புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடக்கும் என்று ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளக் கரையைச் சுட்டிய முன்னறிவிப்பின்படியே, 30ஆம் நாள் இரவு அது புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பின் நகராமல் நின்றதால் புதுச்சேரி நகரில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இடத்தைப் பற்றிய கருதல் தப்பவில்லை. வலுவைப் பற்றிய கருதல் இருமுறை திரும்பியது. மணிக்கு 62 கிலோமீட்டர் வேகத்தை எட்டிய காற்றே புயல் எனப்படும். 61 கிலோமீட்டரில் நிற்பது ஆழ்ந்த தாழ்வு மண்டலம் எனப்படும். பெயரைப் பிரிக்கும் அந்த ஒரு கிலோமீட்டர் எல்லை மனிதர் வகுத்தது. கொட்டும் மழையின் அளவு அந்த எல்லையைப் பொறுத்து அமைவதில்லை. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 2022 நவம்பர் 11 அன்று, காரைக்காலுக்கு வடக்கே சீர்காழியில் புயல் என்னும் பெயரே இல்லாத ஒரு தாழ்வுப் பகுதி ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழையைப் பெய்வித்தது என்பதை இங்கே நினைவுகூரலாம்.

சனியும் முகிலும்

காரைக்கால் பகுதியிலுள்ள திருநள்ளாறு தர்ப்பாரண்யேசுவரர் கோயில், சனீசுவரர் சன்னிதியால் நாடெங்கும் அறியப்பட்டது. சனி ஓர் இராசியிலிருந்து அடுத்த இராசிக்குப் பெயரும் நாளில் இலட்சக்கணக்கானோர் அங்கே கூடி நளதீர்த்தத்தில் நீராடுகின்றனர். சனிக்கோள் கதிரவனைச் சுற்றிவர ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டுகள் ஆகின்றன. பன்னிரண்டு இராசிகளுள் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு தங்குவதாகக் கொள்வது இதனால்தான். கதிரவனிலிருந்து ஏறத்தாழ 143 கோடி கிலோமீட்டர் தொலைவிலுள்ள அக்கோள் இன்னும் நூறு ஆண்டு கழித்து வானில் எங்கே நிற்கும் என்பதை இன்றே கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். அக்கோயில் கோபுரத்துக்கு மேலே சில கிலோமீட்டர் உயரத்தில் திரளும் முகில் பத்து நாள் கழித்து மழையாகுமா என்பதைச் சொல்ல இயலாது. ஆங்கில மெய்யியலில் புகழ்பெற்ற ஒரு பேருரையில், 1965ஆம் ஆண்டு, கார்ல் பாப்பர் உலகப் பொருள்களைக் கடிகாரங்கள், முகில்கள் என இரு முனைகளுக்கு இடையே வைத்து ஆராய்ந்தார்; ஒழுங்காகக் கணிக்கத்தக்கவை ஒரு முனையிலும், கணிப்புக்கு அடங்காதவை மறுமுனையிலும் நிற்கும். திருநள்ளாற்றில் அவ்விரு முனைகளும் ஒரே வானில் காணப்படுகின்றன.

பஞ்சாங்கம் இவ்விரு முனைகளையும் ஒரே நூலுக்குள் வைத்துக் கணிக்க முற்படுகிறது என்பதிலேயே ஆராய்ச்சிக்கு இடம் உண்டு. கோள்நிலையைப் பொறுத்தவரையில் அது கணக்கு. அக்கணக்கைத் திருத்தவும் ஒப்பிடவும் இயலும். திருநள்ளாற்றுக் கோயில் பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கத்தின்படி, மகரத்திலிருந்து கும்பத்துக்குச் சனிப்பெயர்ச்சி 2023 டிசம்பர் 20 அன்று நிகழ்ந்தது. திருக்கணிதப் பஞ்சாங்கத்தின்படி அப்பெயர்ச்சி அவ்வாண்டு சனவரியிலேயே நிகழ்ந்துவிட்டது. முன்னது வழிவழி வந்த வாய்பாடுகளைக் கொண்டும் பின்னது திருத்தப்பட்ட கணித முறையைக் கொண்டும் கணிப்பதால் இவ்வேறுபாடு தோன்றுகிறது. மழையைப் பொறுத்தவரையிலோ, சித்திரை முதல் நாளில் படிக்கப்படும் பஞ்சாங்க பலன், அவ்வாண்டின் மேகாதிபதி யார், எத்தனை மரக்கால் மழை, அதில் கடலுக்கு எத்தனை பங்கு, மலைக்கு எத்தனை பங்கு, நிலத்துக்கு எத்தனை பங்கு என்று கூறும். எந்த ஊரில், எந்த நாளில் என்று அது கூறாததால், எந்த ஊரில் எந்த நாளில் மழை பொய்த்தாலும் அக்கூற்று பொய்ப்பதில்லை. மார்கழியில் சூரியன் பூராட நட்சத்திரத்தைக் கடக்கும் நாட்களில் முகிலும் காற்றும் எப்படி இருக்கின்றன என்று நோக்கி வரும் ஆண்டின் மழையைக் கணிக்கும் கர்ப்போட்டம் என்னும் வழக்கம், இதனினும் ஒரு படி மேலானது. முகில் சூல்கொண்டு 195 நாட்களில் ஈனும் என்னும் வராகமிகிரரின் பிருகத் சம்கிதைக் கருத்து அதன் அடியில் உள்ளது. நோக்கிய நாளும் பெய்ய வேண்டிய நாளும் குறிக்கப்படுவதால், அது மெய்யா பொய்யா என்று குறித்துவைத்துச் சோதிக்கலாம். ஒரு கூற்று ஒருபோதும் பிழைபடாது என்பது அதன் பெருமை அன்று. பிழைபட வழியே இல்லாத கூற்று, எதிர்காலத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை. தன் தவறுகளை எண்ணிவைக்கும் கருதலே நாளடைவில் அறிவாக வளரும்.

நிமித்த காரணமும் வேண்டுதலும்

சைவ சித்தாந்தம் ஒரு பொருளின் தோற்றத்துக்கு மூவகைக் காரணம் கூறும். குடத்துக்கு மண் முதற்காரணம். தண்டும் சக்கரமும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். இப்பகுப்பைக் கொண்டு நோக்கினால், வானிலையியல் பேசுவது கடலின் வெப்பமும் காற்றின் ஈரமும் அழுத்த வேறுபாடும் ஆகிய முதற்காரணம், துணைக்காரணம் ஆகியவற்றைப் பற்றியே என்பது தெளிவாகும். இவை யாவும் யாருடைய ஆணையில் நிற்கின்றன என்னும் நிமித்த காரண வினாவை அது எழுப்புவதும் இல்லை, மறுப்பதும் இல்லை. மண்ணின் பதத்தை அறிந்து குடம் எப்படி அமையும் என்று முன்கூட்டிச் சொல்பவர், குயவன் இல்லை என்று சொன்னவர் ஆகமாட்டார். காரைக்காலில் கணிசமாக வாழும் இசுலாமியரின் மரபில், மழை எப்போது இறங்கும் என்பது இறைவனிடமே உள்ள மறைவான அறிவுகளுள் ஒன்று என்று திருக்குர்ஆன் கூறுவதாகக் கொள்ளப்படுகிறது. அடையாளங்களைக் கண்டு கருதுவது மறைவை அறிவதாகாது என்று அறிஞர் விளக்குவதால், முன்னறிவிப்பைக் கேட்டுவிட்டு இன்ஷா அல்லாஹ் என்று சேர்த்துச் சொல்லும் ஒருவரிடத்தில் முரண்பாடு எதுவும் இல்லை.

முரண்பாடு தோன்றும் இடம் வேறு. மழையை ஒழுக்கத்தின் கூலியாகவும் பேரிடரைத் தண்டனையாகவும் கொள்ளும் கருத்து இக்கடற்கரையில் பழமையானது. இந்திர விழாவைச் சோழன் மறந்ததால் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது என்று மணிமேகலையே கூறுகிறது. தன் அளவைக் காதைகளில் காரண காரியத்தை அவ்வளவு நுட்பமாக ஆராயும் காப்பியம், தன் கதையில் விழாவின் மறதியைக் கடல்கோளுக்குக் காரணமாக்குவது, ஒரே பண்பாட்டில் இவ்விரு நோக்குகளும் அருகருகே வாழ்ந்தன என்பதற்குச் சான்று. 2004 டிசம்பர் 26 அன்று இதே கரையின் மீனவக் குப்பங்களைக் கடல் வாரிக்கொண்டபோது, மாண்டவர் செய்த குற்றம் என்ன என்று கேட்க மனச்சான்று உள்ள எவரும் துணியார். நல்லவர்மீதும் தீயவர்மீதும் ஒருங்கே மழை பெய்கிறது என்னும் விவிலியக் கருத்தும், காரணத் தொகுதி கூடினால் காரியம் நிகழும் என்னும் பௌத்தச் சார்புக் கொள்கையும், அவ்வகையில் பழிசுமத்தும் மனநிலைக்கு மாற்றாகின்றன.

அப்படியாயின் மழை வேண்டி வழிபடுவதற்குப் பொருள் யாது என்பது எஞ்சும் வினா. 2019ஆம் ஆண்டு வறட்சியின்போது தமிழ்நாட்டு அறநிலையத் துறை தன் கோயில்களில் மழை வேண்டி வேள்வி நடத்தவும், மேகராகக் குறிஞ்சிப் பண்ணமைந்த பதிகங்களை ஓதவும் அறிவுறுத்தியது; இசுலாமியரும் மழைத்தொழுகை நடத்தும் மரபினர். இவற்றை மழை வருவிக்கும் கருவியாகக் கொண்டால், கருவிக்குரிய சோதனைக்கு அவை உட்பட வேண்டியிருக்கும். அருள் அத்தகைய சோதனைக்கு உட்படாது என்பதைக் காரைக்கால் அம்மையாரின் வரலாறு உணர்த்துகிறது. அம்மையார் இறைவனை வேண்டிப் பெற்ற மாங்கனியைச் சுவைத்த பரமதத்தன், அது அருளால் வந்தது மெய்யானால் இன்னொன்று வருவித்துக் காட்டு என்றான்; இரண்டாம் கனியும் வந்தது, ஆனால் அவன் கையில் தங்காமல் மறைந்தது என்று பெரியபுராணம் கூறும். கருதலளவையின் உயிர் மீள்நிகழ்வு. புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்று மீண்டும் மீண்டும் கண்டதால் வரும் உறுதியே அதன் அடிப்படை. அருளோ மீள்நிகழ்வைக் காட்டித் தன்னை மெய்ப்பிக்க இசைவதில்லை. வேண்டுதலை முன்னறிவிப்பு முறையாக்குபவரும், முன்னறிவிப்பை வேண்டுதலுக்குப் பகையாக்குபவரும் பரமதத்தன் செய்த பிழையையே இரு திசைகளில் செய்கின்றனர். மழையை வேண்டி நிற்பவர், தம் வாழ்வு தம் கையில் மட்டும் இல்லை என்பதை ஒப்புக்கொண்டு, வருவதை ஊரோடு சேர்ந்து எதிர்கொள்ள ஆயத்தமாகிறார். அது ஒரு மனநிலை, கணிப்பு அன்று.

ஐயத்தின் அறம்

உறுதியற்ற அறிவை வைத்துக்கொண்டு செயல்படலாமா என்னும் இறுதி வினாவுக்கு வடமொழி அளவை மரபில் தெளிவான விடை ஒன்று உண்டு. பயன் உண்டாகலாம் என்னும் ஐயம் செயலில் இறங்கத் தூண்டும். கேடு விளையலாம் என்னும் ஐயம் செயலிலிருந்து விலகத் தூண்டும். செயலுக்கு முழு உறுதி தேவையில்லை. விளையும் என்னும் உறுதியோடு எந்த உழவரும் விதைப்பதில்லை. வானிலைத் துறையின் நிறக் குறியீடுகள் இக்கொள்கையையே நடைமுறையாக்குகின்றன. பச்சை என்றால் நடவடிக்கை வேண்டாம். மஞ்சள் என்றால் கவனித்திரு. ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகு. சிவப்பு என்றால் செயலில் இறங்கு. இவை மழையின் அளவை மட்டும் சொல்வன அல்ல. நேரக்கூடிய கேட்டின் பருமனையும் அது நேரும் வாய்ப்பையும் சேர்த்து எடைபோட்டு, கேட்பவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வன. ஆகவே சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் வெயில் அடித்தால், பொய்த்தது மழையைப் பற்றிய கருதல். ஆயத்தமாக இருந்தது சரியா என்னும் அறவினாவுக்கு அதனால் விடை மாறுவதில்லை. ஊழைப் பற்றி ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமையைப் பற்றி ஓர் அதிகாரமும் வகுத்த திருக்குறள், வருவது வரும் என்று கைகட்டி இருப்பதை எங்கும் அறமாகச் சொல்லவில்லை.

எனினும் இவ்வறத்தின் சுமை எல்லோர்மீதும் சமமாக விழுவதில்லை. எச்சரிக்கை வந்ததும் ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிக்கிறார். அலுவலகச் சம்பளக்காரருக்கு அதனால் இழப்பு இல்லை. மேலுரத்தை ஒத்திவைத்த உழவர், மழை வராவிட்டால் பயிருக்கு உரிய பருவத்தில் சில நாட்களை இழக்கிறார். பெரிதும் இழப்பவர் கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி போன்ற ஊர்களின் மீனவர். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டதும் ஃபைபர் படகுகள் மேட்டுக்கு இழுக்கப்படுகின்றன. விசைப்படகுகள் அரசலாற்று முகத்துவாரத்துக்குள் நெருக்கிக் கட்டப்படுகின்றன. ஆழ்கடலில் இருப்பவர்கள் டீசலும் பனிக்கட்டியும் வீணாகக் கரை திரும்புகின்றனர். புயல் வேறு கரைக்குத் திரும்பிவிட்டால், அந்நாட்களின் கூலி யாரிடமும் கேட்க இயலாத இழப்பாகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது இக்கரை மக்கள் எச்சரிக்கைக்குச் செவிசாய்த்தது உயிர்களைக் காத்தது. அவ்வாறு செவிசாய்க்கும் பழக்கம், பொய்த்துப்போன எச்சரிக்கைகளுக்கும் முகங்கொடுத்த பொறுமையால் உருவானது.

கருதல் பிழைபடும் என்பதை ஏற்றுக்கொண்ட சமூகம், அப்பிழையின் விலையையும் ஏற்க வேண்டும் என்பதே இந்த ஆராய்ச்சி இட்டுச்செல்லும் முடிவு. பத்து எச்சரிக்கைகளுள் சில பொய்க்கும் என்பது அம்முறையின் குறை அன்று, இயல்பு; அவ்வியல்பை அறிந்தே எல்லோர் நலனுக்காகவும் அது கைக்கொள்ளப்படுகிறது. அவ்வாறிருக்க, பொய்த்த நாட்களின் இழப்பைக் கடலுக்குச் செல்லாமல் நின்றவர் தலையில் மட்டும் சுமத்துவது நீதியாகாது. புதுச்சேரி அரசு மீனவர்க்கு வழங்கிவரும் மழைக்கால நிவாரணத்தை இந்நோக்கில் காண வேண்டும். அது இரக்கத்தால் தரப்படும் கொடை அன்று, பிழைபடக்கூடிய ஓர் அறிவைப் பொதுநலனுக்காக ஏற்று நடந்தவர்க்கு ஊர் செலுத்த வேண்டிய கடன். எச்சரிக்கையால் கரையில் நின்ற நாட்கள், புயல் வந்தாலும் வராவிட்டாலும், அக்கணக்கில் ஏற வேண்டும்.